வினைப்பயனும் வழக்குரையும்

உலகத்து மக்கட்கு எய்தும் துன்பங்கள் பலவற்றுள்ளும் சிறைத்துன்பம் ஒரு தனி இயல்புடையது. நோயும் மூப்பும் தாமே வந்தடைவன. அவற்றை ஒருவர் மற்றொருவர்க்கு விதிப்பதில்லை. சிறையோ, ஒருவரை மற்றொருவர் ஆராய்ந்து, குற்றமுடையரெனத் தெளிந்து, அறமென்று கருதி, வாய்ச்சொல்லான் விதிப்பது. அவ்வாராய்ச்சி வழுவாதாயின் அத்தண்டம் அறத்தின்பாற்படும். வழுவுமாயின் அறத்தின் பெயரானே நிகழும் கொடுமையாய் முடியும். அவ்வழுவைக் கண்டு களைதற்பொருட்டே கீழ்மன்றம் விதித்த தண்டத்தை மேல்மன்றம் மீட்டும் ஆராயும் முறை ஏற்பட்டது. அதனை மேன்முறையீடு என்றும், உலகவழக்கில் அப்பீல் என்றும் கூறுப.

பொருளுடையார் தமக்கு வேண்டிய வழக்கறிஞரைத் தாமே தேடி அமர்த்திக்கொள்வர். பொருளில்லாதார்க்கு நீதிமன்றமே ஒருவரை அமர்த்திக் கொடுக்க, அவர்க்குரிய ஊதியத்தை அரசு கொடுப்பது இந்நாளிற் பல தேயங்களினும் காணப்படும் முறையாம். இங்ஙனம் அமர்த்தப்பட்டார்க்கு உரிய கடன் யாது? குற்றவாளியென ஒருமுறை தீர்க்கப்பட்டானுக்காக மீண்டும் வழக்குரைத்தல் வினைப்பயனைத் தடுக்க முயல்வதாகாதோ? வினைப்பயனை ஊட்டுவோன் இறைவனே என்னும் சைவசித்தாந்தக் கொள்கையுடையார் இதனை எவ்வாறு நோக்கற்பாலர்? என்னும் இவ்வினாக்கள் ஈண்டு ஆராயப்படும்.

மேன்முறையீட்டின் இயல்பு

கீழ்மன்றத்தில் வழக்கு நிகழுங்கால் குற்றஞ்சாட்டப்பட்டவன் கூண்டில் நிற்கின்றான். சான்று கூறுவாரை அவன் காண்கின்றான். நடுவர் அவன் முகத்தைக் காண்கின்றார். கல்வியில்லாதவனாயினும், இதனைத் தான் செய்யவில்லை என்று தன் வாயாற் கூறுதற்கேனும் ஆங்கு அவனுக்கு இடமுண்டு. மேல்மன்றத்திலோ பெரும்பாலும் சான்றாளர் மீண்டும் வருவதில்லை. எழுத்திலமைந்த பதிவுகளே ஆராயப்படும். காவல் நிலையத்தில் எழுதப்பட்ட முதல் அறிக்கை, சான்றுரைகள், குறுக்கு விசாரணையிற் பிறந்த விடைகள், மருத்துவர் அறிக்கை, கீழ்மன்றத் தீர்ப்பு என்னும் இவையெல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கான பக்கங்களாய் விரிவதுண்டு. முதல் அறிக்கையில் இல்லாத ஒரு செய்தி பின்னர்ச் சான்றுரையிற் புகுந்துள்ளதா, கைப்பற்றிய பொருள் முறைப்படி முத்திரையிடப்பட்டதா, ஒருவர் கூறிய நேரமும் மற்றொருவர் கூறிய நேரமும் ஒவ்வுகின்றனவா என்பன ஏடு ஏடாகப் புரட்டி ஒத்து நோக்கினாலன்றிப் புலப்படா. முறையிடுவோனோ தொலைவிலுள்ள சிறையின்கண் இருப்பான். தன் வழக்கு எந்நாளிற் கேட்கப்படும் என்பதும் பலகால் அவன் அறியான். ஆகவே மேல்மன்றத்தில் அவனுக்குக் கண்ணும் வாயுமாய் இருப்பவர் வழக்கறிஞர் ஒருவரே என்பது தெளியப்படும்.

அன்றியும், காலவரையறை ஒன்றுண்டு. இந்திய நாட்டில் மரண தண்டனையை எதிர்த்து 30 நாட்களுள்ளும், உயர்நீதிமன்றத்திற்குச் செய்யும் ஏனைய மேன்முறையீட்டை 60 நாட்களுள்ளும் செய்தல் வேண்டுமென்பது காலவரையறைச் சட்டத்தின் விதி. சிறையிலிருப்போன் சிறையதிகாரி வாயிலாகவே தன் முறையீட்டை அனுப்புதற்கும் சட்டம் இடந்தருகின்றது. ஆயினும், தீர்ப்பின் படியே கைக்கு வாராதாயின் அவன் எதனை எதிர்த்து முறையிடுவான்? வந்ததாயினும் அதனைப் படித்துணர்ந்து, பிழை இஃது என எடுத்துக் காட்டுதல் அவனுக்கு இயலுவதோ?

இவ்வினாக்கள் 1978-ஆம் ஆண்டில் இந்திய உச்சநீதிமன்றத்தின்முன் எழுந்தன. போலிப் பட்டச் சான்றிதழ் ஆக்க முயன்ற குற்றத்திற்காக மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்ட ஓர் ஆசிரியர், உயர்நீதிமன்றத் தீர்ப்பின் படி தமக்குக் கிடைத்திலதென்று கூறி, நான்காண்டுக்கு மேற் கழிந்தபின் முறையிட வந்தார். நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பில் அவரது வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. எனினும், அவ்வொருவர் தோற்ற வழக்கிலேயே அவர்க்குப் பின் வரும் எண்ணற்றோர்க்குப் பயன்படும் நெறி வகுக்கப்பட்டது. சிறைவாசிக்குத் தீர்ப்பின் படி காலந்தாழாது, விலையின்றிக் கொடுக்கப்படல் வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த இயலாதவர்க்கு மன்றமே ஒருவரை அமர்த்தல் வேண்டும். அவர்க்குரிய தொகையை மன்றம் நேர்மையுற வரையறுக்க, அரசு கொடுத்தல் வேண்டும் என்பன அந்நெறியின் உறுப்புக்கள். ஏழைமை காரணமாக எவர்க்கும் நீதி மறுக்கப்படலாகாதெனக் கூறும் 39அ என்னும் பிரிவு அரசியலமைப்பில் 1976-இற் சேர்க்கப்பட்டிருந்தது. 1987-இல் இயற்றப்பட்டு 1995-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் அதிகாரச் சட்டம், காவலில் உள்ளார் எவரும் தம் வருவாய் யாதாயினும் இவ்வுதவிக்கு உரியரென வகுத்தது. முறையிடுவோர் பக்கத்து வழக்கறிஞர் வாராமை ஒன்றே பற்றி மேன்முறையீட்டைத் தள்ளலாகாதென 1996-இலும், முதல் விசாரணைக்கும் மேன்முறையீட்டிற்கும் இவ்வுதவியில் வேற்றுமை இல்லையென 2012-இலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்துறையிற் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி. புளோரிடா மாநிலத்தில் 1961-இல் ஒரு விளையாட்டுக் கூடத்தைத் திறந்து திருடப் புகுந்தாரெனக் கிளாரன்ஸ் கிடியன் என்பவர்மீது வழக்கெழுந்தது. வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தித் தருமாறு அவர் வேண்ட, மன்றம் மறுத்தது. ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்ட அவர், சிறையிலிருந்தே பென்சிலாற் கைப்பட எழுதி அந்நாட்டு உச்சநீதிமன்றத்திற்கு விண்ணப்பித்தார். அம்மன்றம் அவர்பொருட்டு வழக்குரைக்க ஏப் போர்ட்டஸ் என்னும் புகழ்மிக்க வழக்கறிஞரை அமர்த்தியது. 1963-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் கிடியனுக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. பின்னர் வழக்கறிஞர் துணையோடு வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட, அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். மனிதரும் அவரே, வழக்கும் அதுவே. துணையின்றி நின்றபோது குற்றவாளி. துணையோடு நின்றபோது குற்றமற்றவர். கிடியன் தீர்ப்பு வெளிவந்த அந்நாளிலேயே, கலிபோர்னியா மாநிலத்து வேறொரு வழக்கில், சட்டப்படி உரிமையாயுள்ள முதல் மேன்முறையீட்டிலும் ஏழைக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தரல் வேண்டுமெனத் தீர்க்கப்பட்டது.

முதல் தடை: அரசன் தண்டமும் அருள்வழியதன்றோ எனின்

இனி, சைவநூல் வழிநின்று ஒரு தடை எழுப்பப்படலாம். இறைவன் உயிர்களை ஒறுப்பதும் பகையானன்று, மக்களைத் திருத்தும் தாய்தந்தையரின் கண்டிப்பைப் போல்வதெனச் சிவஞானசித்தியார் அறிவுறுத்துகின்றது. அரசன் தீயோரைத் தண்டிப்பதும் அவ்வருளின் வழிப்பட்டதே என்பதும், அத்தண்டத்தை ஈண்டு நுகர்ந்தார்க்கு அக்குற்றம்பற்றிய நிரயத்துன்பம் இல்லையாகும் என்பதும் அந்நூலின் கருத்தாம். அங்ஙனமாயின், தண்டத்தினின்றும் ஒருவனை விடுவிக்க வழக்குரைப்பவர் அவனது மாசு கழுவப்படுவதைத் தடுத்தவராகாரோ? நோயாளி உண்ணவேண்டிய கைப்பு மருந்தைத் தட்டிவிட்டவரோடு அவர் ஒப்பாரன்றோ?

இத்தடை வலியுடையதே, இகழ்ந்து ஒதுக்கற்பாலதன்று. ஆயினும் ஊன்றி நோக்குவார்க்கு, இதனுள்ளேயே விடையும் அமைந்துள்ளமை புலனாகும். மருந்து என்றமையால், அது நோயறிந்து கொடுக்கப்படல் வேண்டும். பித்த நோய்க்குரிய மருந்தை வாத நோயினனுக்கு ஊட்டுவது மருத்துவமாகாது. ஒரு பங்கு கொடுக்க வேண்டுமிடத்துப் பத்துப் பங்கு கொடுப்பதும் மருத்துவமாகாது. அது நஞ்சாய் முடியும். அரசன் தண்டம் அருள்வழியதாவது, செய்த குற்றத்திற்கு, செய்தவன்மேல், செய்த அளவிற்கு விதிக்கப்படும்போதன்றோ? செய்யாதான்மேல் விழுந்த தண்டம் எக்குற்றத்தைக் கழுவும்? திடீரென மூண்ட பூசலிற் கைகடந்து நிகழ்ந்த சாவிற்கும், நெடுநாட் சூழ்ந்து செய்த கொலைக்கும் ஒரே தண்டம் விதிக்கப்படின் அஃது எங்ஙனம் அளவினதாகும்?

இறைவன் ஊட்டும் வினைப்பயன் கூடுதலுங் குறைதலுமின்றிச் செய்த வினைக்குத் தக அமைவது. அவன் முற்றறிவினன், அவனுக்குச் சான்று வேண்டா. மக்களோ மலத்தாற் கட்டுண்டு, கருவிகளின் துணையாற் சிறிதே அறியும் சிற்றறிவினர். சிற்றறிவினர் விதிக்கும் தண்டம் முற்றறிவினன் தண்டத்தின் வழிப்பட்டதாதல் வேண்டுமாயின், தம் அறிவின் சிறுமையைத் தாமே உணர்ந்து, செய்த தீர்ப்பை மீட்டும் ஆராய்ந்து கொள்ளும் அச்சம் அவர்க்கு இன்றியமையாதது. அவ்வச்சமே மேன்முறையீடாக உருக்கொண்டது. ஆதலின், மேல்மன்றத்தில் நின்று வழக்குரைப்பவர் மருந்தைத் தட்டிவிடுவாரல்லர். மருந்து நோய்க்கு ஏற்றதாவென மீண்டும் நோக்குவிப்பவரேயாவர்.

இரண்டாந் தடை: எல்லாம் பிராரத்தமே எனின்

இனி, குற்றஞ் செய்யாதவன் சிறைப்பட்டானாயினும் அஃது அவனது முற்பிறப்பின் வினைப்பயனே, நுகர்ந்தே கழிக்கற்பாலது, பிறர் இடைப்புகுதல் வேண்டா என்பாரும் உளர். இக்கூற்றுப் பக்திமொழி போலத் தோன்றி அறத்தையே வேரறுப்பதாம். என்னை? ஒருவன் வெட்டுண்டு இறந்தானாக, அவன் இறந்தது அவனது பிராரத்தம் என்று கூறி வெட்டினவன் தப்பிக்கொள்ளல் கூடுமோ? கூடாது. இறந்தவனுக்கு அது பிராரத்தமாயினும் வெட்டினவனுக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதே சித்தாந்தம். அங்ஙனமே, பிழைபடத் தண்டிக்கப்பட்டானுக்கு அஃது எவ்வினையின் பயனாயினும் ஆகுக. பிழைபடத் தண்டித்தார்க்கும், பிழையைக் காட்டவேண்டிய இடத்திலிருந்து காட்டாது வாளாவிருந்தார்க்கும் அது புதுவினையாய் ஏறுதல் ஒருதலை. வினைக்கொள்கை சோம்பினார்க்குப் புகலிடமாகுமாயின், அதே புகலிடம் கொலைஞனுக்கும் உண்டாகும். அவ்வழி எவரையும் தண்டித்தற்கே நியாயமின்றாய் முடியும்.

அன்றியும், ஒருவனது பிராரத்தம் இத்தனையென்று அளந்தறிவார் யாவர்? சிறைப்பட்டமை அவன் வினைப்பயன் எனின், அவனுக்காக ஒருவர் ஏடு புரட்டி வழு கண்டு விடுவித்தலும் அவன் வினைப்பயனே என்னலாமன்றோ? துன்பம் வருதற்கு மட்டும் வினை காரணமாய், அது நீங்குதற்கு வினை காரணமன்றாதல் யாண்டும் இல்லை. நோய் வினையான் வந்தது என்று உடன்படுவாரும் மருத்துவரை நாடாதிருப்பதில்லை. தம் நோய்க்கு மருந்து தேடிப் பிறர் சிறைக்கு வினை கற்பிப்பது நடுவுநிலையன்று.

திருவிளையாடல் காட்டும் நெறி

இக்கருத்திற்குச் சான்றாகத் திருவாலவாயிறைவன் திருவிளையாடல்களுள் இரண்டனை நோக்குதல் தகும். ஒன்று பழியஞ்சின படலத்துட் கூறப்படுவது. மதுரைக்கு வந்துகொண்டிருந்த அந்தணர் ஒருவர் தம் மனைவியை ஆலமர நிழலில் இருத்தி நீர் கொணரச் சென்றார். அம்மரத்திற் பண்டே தைத்துக் கிடந்த அம்பு ஒன்று காற்றினால் வீழ்ந்து அவ்வம்மையார் உயிரைப் போக்கிற்று. இளைப்பாற வந்து அம்மரத்தின் அயலில் வில்லும் அம்புமாய் நின்றான் ஒரு வேடன். மீண்டு வந்த அந்தணர் மனைவி இறந்து கிடப்பதையும் வேடன் நிற்பதையும் கண்டார். அவனே கொன்றானெனத் துணிந்து குலோத்துங்க பாண்டியன் முன் கொண்டு சென்றார். வேடன் தான் செய்யவில்லை என்றான். வருத்தியபோதும் அதனையே கூறினான். அவனுக்குச் சார்பாகப் பேசுவார் அம்மன்றத்தில் ஒருவரும் இலர்.

இவ்வழக்கில் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. ஈண்டுப் பொய் கூறினார் ஒருவரும் இல்லை. அந்தணர் தாம் கண்டதையும் அதனின்றும் தாம் உய்த்துணர்ந்ததையுமே கூறினார். வில்லும் அம்பும் மெய்; உடலில் தைத்த அம்பும் மெய்; வேடன் அவ்விடத்து நின்றமையும் மெய். மெய்யான பொருள்கள் பலவும் ஒருங்குகூடிப் பொய்யான முடிபொன்றைப் பிறப்பித்தன. வழக்குக்கள் பிழைபடுவதற்குப் பொய்ச்சான்று வேண்டுமென்பதில்லை; மெய்ச்சான்றே பிழைபட உணரப்படினும் அமையும். இதனை உணர்ந்த பாண்டியன், சான்று நிரம்பியதென்று உடனே தண்டம் விதியாது, பழிக்கு அஞ்சித் திருக்கோயிலையடைந்து இறைவன் திருமுன் விண்ணப்பித்தான்.

ஆண்டு இறைவன் செய்தது யாது? வேடன் தன் வினைப்பயனை நுகர்க என்று விட்டிலன். வினைப்பயனை ஊட்டும் முதல்வன் அவனேயன்றோ? 'எல்லாம் வினை' என்று கூறுதற்கு உரியார் ஒருவர் உளராயின் அவன் ஒருவனே. அங்ஙனமாகவும், நகரத்தில் திருமணம் நிகழும் ஒரு வணிகர் மனைக்குச் செல்லுமாறு பணித்து, ஆண்டுக் கூற்றுவன் ஏவலர் தம்முட் பேசிக்கொண்ட செய்தியை அரசனும், மனைவியை இழந்த அந்தணரும் ஒருங்கே கேட்குமாறு செய்தருளினான். தீர்ப்பை ஆகாயத்தினின்றும் அறிவித்தொழியாது, மேற்கொண்டு ஆராய்தற்குரிய வழியைத் திறந்துவிட்ட அத்துணையே அவன் அருளிய முறையாயிற்று. ஆகவே, மீட்டும் ஆராய்தல் வினைக்கு மாறாகாதென்பது வினைமுதல்வன் செயலானே பெறப்பட்டது.

மற்றொன்று மாமனாக வந்து வழக்குரைத்த படலம். மதுரையில் வாழ்ந்த தனபதி என்னும் வணிகன் தன் தங்கையின் மைந்தனை மகனாகக் கொண்டு, பொருள் முழுதும் அவனுக்கு வைத்துத் தவம்புரியச் சென்றான். தாயத்தார் அச்சிறுவன் பொருளைக் கவர்ந்துகொண்டனர். தாயும் மகனும் துணையற்றுத் திருக்கோயிலில் முறையிட, இறைவன் தனபதியின் உருக்கொண்டு அவையேறி வழக்குரைத்து, அப்பொருளை மீட்டுக் கொடுத்து மறைந்தருளினான். இது பொருள்பற்றிய வழக்கேயன்றிக் குற்றவழக்கன்று. எனினும், கொடுத்தற்கு ஒன்றுமில்லாத ஒருவன் பொருட்டு எழுந்து பேசும் வழக்குரை இறைவனே மேற்கொண்ட திருத்தொழில் என்பது இதனாற் பெறப்படும்.

அன்றியும், அவன் அவ்வவையிற் பேசிய முறை கருதத்தக்கது. வந்தவன் தனபதியல்லன் என்று தாயத்தார் மறுத்தபோது, குடிவழியும் உறவினர் பெயர்களும் அவரவர் இயல்புகளும் ஒன்றும் விடாது எடுத்துக் கூறி அவையோரைத் தெளிவித்தான். அவையில் வெறுமனே தோன்றி நிற்றல் அமையாது; வழக்கின் உள்ளும் புறமும் முற்ற அறிந்து உரைத்தலே வழக்குரையாம் என்பதனை அஃது உணர்த்துகின்றது. திருவெண்ணெய்நல்லூரில் நம்பியாரூரரை ஆட்கொள்ள வந்தபோதும், அவையோர் கேட்க மூலஓலையைக் காட்டி, எழுத்தை ஒப்புநோக்க உடன்பட்டே இறைவன் தன் வழக்கை வென்றான். எல்லாம் அறிந்தானும் எல்லாம் வல்லானும் அவையின் முறைக்கு உட்பட்டானாயின், சிற்றறிவினர் அம்முறையைச் சுருக்கிக்கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

பட்டினத்தடிகள் கள்வரெனப் பிழைபடக் கருதப்பட்டுக் கழுவேற்ற விதிக்கப்பட்ட வரலாற்றையும் சைவவுலகம் அறியும். அடிகள்பொருட்டுக் கழுமரம் எரிந்தது. ஏனையோர்பொருட்டு அங்ஙனம் எரிவதில்லை. அவர்க்கு உள்ளது ஏடு புரட்டி வழுக் காணும் ஒருவரது உழைப்பே.

அமர்த்தப்பட்டார் கடன்

இனி, அமர்த்தப்பட்ட வழக்கறிஞரது கடன் இன்னதெனக் கூறுதும். முதலாவது, பதிவு முழுவதையும் தாமே படித்தல். தீர்ப்பை மட்டும் படித்து வழக்கை எடைபோடுதல், எதிரியின் வாயுரையை மட்டும் கேட்டு முடிவு செய்வதோடொக்கும். இரண்டாவது, முறையிடுவோனோடு பேசியேனும் கடிதம் விடுத்தேனும் அவன் கூறுவதைக் கேட்டறிதல். பதிவில் ஏறாத உண்மை அவன் நெஞ்சிலிருத்தல் கூடும். இந்திய உச்சநீதிமன்றம் 2019-இல், போதிய காலம் பெறாத வழக்கறிஞரோடு விரைந்து நிகழ்த்தி மரண தண்டனையில் முடிந்த ஒரு விசாரணையைத் தள்ளி, புதிதாக விசாரிக்கப் பணித்தது. வாழ்நாட் சிறையோ மரணமோ விளையக்கூடிய வழக்குக்களில் பத்தாண்டேனும் பயிற்சியுடையாரையே அமர்த்துக என்றும், அவர் ஆயத்தஞ் செய்துகொள்ள ஏழு நாளேனும் தருக என்றும், அவர் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கண்டு பேச இடந்தருக என்றும் வகுத்தது. பெயரளவான துணை துணையாகாது என்பதே இதன் கருத்து.

மூன்றாவது கடன் மிக நுண்ணியது. பதிவு முழுதும் படித்தபின்னும் வாதிடத்தக்க வழு ஒன்றும் காணப்படாவிடின் அவர் செய்யக்கடவது யாது? கலிபோர்னியாவில் இங்ஙனம் அமர்த்தப்பட்ட ஒருவர், இம்முறையீட்டிற் பொருளில்லை என்று மன்றத்திற்கு ஒரு கடிதம் எழுதி விலகினார். முறையிட்டவர் வேறொரு வழக்கறிஞரை வேண்டவும் பெற்றிலர். தாமே எழுதி வாதிட்டுத் தோற்றார். 1967-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அச்செயலை ஏற்கவில்லை. விலக விரும்புவார், பதிவினுள் வாதத்திற்கு இடந்தரக்கூடிய யாவற்றையும் எடுத்துக்காட்டி ஓர் உரையெழுதி வைத்தல் வேண்டும். அதனை முறையிடுவோனுக்கும் காட்டல் வேண்டும். பின்னர் மன்றமே பதிவு முழுவதையும் ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும் எனத் தீர்த்தது. அதனொடொத்த காப்பினைத் தரும் வேறு முறைகளையும் மாநிலங்கள் வகுத்துக்கொள்ளலாமென 2000-இல் அம்மன்றம் கூறிற்று.

இதன்கண் அமைந்த அறம் எளிது. உரைப்போர் இடம் வேறு. தீர்ப்போர் இடம் வேறு. பொருளுடையானுடைய வழக்கறிஞர் மெலிந்த வாதத்தையும் தம்மால் இயன்றவரை வலிவுற உரைக்கின்றார்; ஏழையின் வழக்கறிஞரோ, உரைக்கவேண்டிய இடத்திலிருந்துகொண்டே தீர்ப்போர் இருக்கைக்குத் தாவி, இவன் குற்றவாளியே என்று கடிதம் எழுதிவிடின், ஏழைக்கு மேல்மன்றம் இருந்தும் இல்லையாயிற்று. தாம் கண்டிலாத வழுவை வேறொருவர் காண்டல் கூடும் என்னும் பணிவு அவர்க்கு வேண்டும். சிற்றறிவு நடுவர்க்கு மட்டும் உரியதன்று, வழக்கறிஞர்க்கும் உரியதே.

இங்ஙனம் கூறுதலான், முறையிடுவோன் விரும்பும் எல்லாவற்றையும் உரைத்தல் வேண்டுமென்பதும், பொய் புனைந்தேனும் வெல்லல் வேண்டுமென்பதும் கருத்தல்ல. வலியுடைய வாதங்களைத் தெரிந்தெடுத்து உரைத்தல் அமர்த்தப்பட்டார்க்குத் தகுவதே என 1983-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்த்தது; பத்து மெலிந்த வாதங்களின் நடுவே ஒரு வலிய வாதம் மறைந்துபோதலும் உண்டு. எனினும், எதனை விடுத்தார், ஏன் விடுத்தார் என்பதனை அவனுக்கு உணர்த்துதல் நன்று. சிறையிலிருப்பவன் வாழ்வன்றோ தெரிந்தெடுக்கப்படுவது? பொய்யோ எஞ்ஞான்றும் விலக்கற்பாலது. முறையிடுவோன் குற்றஞ் செய்தமை வழக்கறிஞர்க்குத் தெரிந்தவிடத்தும், சான்று போதுமானதா, தண்டம் அளவிற்கு மேற்பட்டதா, விசாரணை முறைப்படி நிகழ்ந்ததா என்று வினவுதல் பொய்யாகாது. தண்டிக்கும் ஆற்றலைத் தன் கையிற் கொண்ட அரசு, தான் வகுத்த நெறியிற் பிறழாது நின்றதா என்று கேட்பதேயாம் அது. குற்றமுடையானிடத்து அரசு நெறி பிறழ விடப்படின், நாளைக் குற்றமில்லானிடத்தும் அவ்வாறே பிறழும்.

நான்காவது, சிறு கடமைகளையும் பெரியனவாகக் கருதுதல். கெண்டகி மாநிலத்தில் ஒரு வழக்கறிஞர் விதிப்படி இணைக்கவேண்டிய ஒரு சிறு பத்திரத்தை இணையாது விட்டார். அதன் பொருட்டு அம்மேன்முறையீடு ஆராயப்படாமலே தள்ளப்பட்டது. முதல் மேன்முறையீட்டிற் பயன்படும் துணையே துணையென 1985-இல் உச்சநீதிமன்றம் கூறியது அவ்வழக்கிலேயாம். ஒருவர்க்கு மறந்துபோன தாள் மற்றொருவர்க்கு இழந்துபோன ஆண்டுகளாகும்.

ஊதியமும் பணியும்

அமர்த்தப்பட்டார்க்கு அரசு கொடுக்கும் தொகை, செல்வர் தம் வழக்கறிஞர்க்குக் கொடுப்பதனைப் பார்க்கப் பெரும்பாலும் மிகச் சிறிது. சிறிய ஊதியத்திற்குச் சிறிய உழைப்பே ஈடாகும் என்று கருதுவாரும் இருப்பர். அரசு தன் கடனிற் குறைவுபடுமாயின் அது கண்டிக்கற்பாலதே. நல்ல உழைப்பை வேண்டுவோர் அதற்குத் தக்க பொருளையும் வகுத்தல் அறம். ஆயினும், ஒரு பணியை ஏற்குமுன் அதன் ஊதியம் போதாதென மறுத்தல் ஒன்று. ஏற்றபின் ஊதியத்திற்குத் தக உழைப்பைக் குறைத்தல் மற்றொன்று. முன்னதில் குற்றமில்லை. பின்னதில், ஏழைக்குத் துணையுண்டென்று மன்றமும் உலகமும் நம்பிக்கொண்டிருக்க, அவன் துணையற்றவனாயே நிற்கின்றான். துணையில்லை என்பது வெளிப்படையாயின் வேறொருவரேனும் இரங்குவர். துணையுண்டு என்னும் பெயர் அவ்விரக்கத்திற்கும் இடமில்லாமற் செய்துவிடும்.

இன்னும் ஒன்று. செல்வன் தன் வழக்கறிஞர் சோம்பினாராயின் அவரை மாற்றிக்கொள்வான். ஏழை தன் வழக்கறிஞரைத் தெரிந்தெடுத்தவனுமல்லன். எளிதில் மாற்றிக்கொள்ள வல்லவனுமல்லன். அவர் ஏடுகளை முழுதும் படித்தாரோ, பத்துப் பக்கம் படித்து மூடிவைத்தாரோ என்பதை அவன் அறியமாட்டான். பலகால் மன்றமும் அறியாது. அறிவார் இருவரே: அவரது நெஞ்சும், அந்நெஞ்சினுள் நீக்கமற நிற்கும் முதல்வனும். உயிர்களின் நினைவையும் சொல்லையும் செயலையும் உடனின்று காணும் ஒருவன் உளன் என்பதைச் சைவர் வாயளவிற் கூறுவதில்லை, மெய்யென உடன்படுகின்றனர். அவ்வுடன்பாடு உண்மையாயின், காண்பார் ஒருவருமில்லாத இரவில், அறியப்படாத ஒரு சிறைவாசியின் ஏட்டைக் கடைசிப் பக்கம்வரை படிப்பதில் அது வெளிப்படுதல் வேண்டும். திருக்கோயிலில் அலகிடுதலும் மெழுகிடுதலும் சரியைத் தொண்டாதல் போல, தன் நலங் கருதாது துணையற்ற உயிர்க்குச் செய்யும் இவ்வுழைப்பும் சிவபணியென்றே கொள்ளற்பாலது.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றான், அரசன் தண்டம் அருள்வழியதாதல் வேண்டின் அது மீட்டும் ஆராயப்படல் இன்றியமையாதது என்பதும், வினைக்கொள்கை அவ்வாராய்ச்சியைத் தடுப்பதன்று, வற்புறுத்துவதே என்பதும், ஏழைக்கென அமர்த்தப்பட்டார் தீர்ப்போராகாது உரைப்போராகவே முற்ற நின்று உழைத்தல் வேண்டும் என்பதும் பெறப்பட்டன.

பழிக்கு அஞ்சிய பாண்டியன் திருமுன் நின்று விண்ணப்பித்த அம்மதுரை மாநகரில் 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை உயர்நீதிமன்றத்தின் கிளை அமர்ந்து மேன்முறையீடுகளைக் கேட்டு வருகின்றது. ஆண்டும், ஏனைய மன்றங்களிலும், துணையற்றார் ஒருவரது ஏடு தம் கையில் வைக்கப்படும்போது, முன்னொருகால் மாமனாக வந்து அவையேறிய பெருமான் செய்த பணியின் ஒரு கூறே தமக்கு அளிக்கப்பட்டதென அமர்த்தப்பட்டார் உணர்வாராக. பிழைபட்ட தண்டத்தால் வருந்தும் உயிர்கள் உய்யவும், தண்டிக்கும் கைகள் பழியின் நீங்கவும், ஆலவாயண்ணல் திருவருள் முன்னின்று காக்க.

திருச்சிற்றம்பலம்